நாற்பத்து மூன்று வெள்ளைக் கற்கள்

பிள்ளைகள், தோட்டத்தில் பாலைவன வீடு என்கிற கண்ணாடி வீட்டுக்குள் போனால் இடது கைப்பக்கம் மூன்றாவது மேடையில் ஒரு சிவப்புக் குச்சி குத்தியிருக்கும். கார்த்திகையில் குத்தினால் வைகாசியில்தான் பிடுங்குவார்கள். அதைப் பற்றி உங்களுக்கு ஒரு வரிக்கு மேல் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சிவப்புக் குச்சி நிற்கும் வரை தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் குச்சி அங்கே இல்லை. அது வந்ததற்குக் காரணம் நான்.

இந்த வருடம் தமிழ்ப் பிள்ளைகள் மூன்று பேர் எங்கள் தாவரத் தோட்டத்தில் தொழில் பழகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு கமத்துக்கு, விவசாயத்துக்குப் போனவன். செடிகளின் லத்தீன் பெயரெல்லாம் நீங்கள் பள்ளியில் படிப்பீர்கள். அது எனக்குக் கடைசி வரை வாயில் நுழையவில்லை. எனக்குத் தெரிந்தது வேறு ஒன்று. அதை நான் படித்த விதம் நல்ல விதம் இல்லை.

ஜெர்மனியின் ரூர் பகுதிக்கு நான் வந்து ஆறு வருடம் முடிந்திருந்தது. காசு மார்க்கில் இருந்து ஓய்ரோவுக்கு மாறி அதிக காலம் ஆகவில்லை. ஊரில் சமாதானம் என்று சொல்லி யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-ஒன்பது பாதையைத் திறந்திருந்தார்கள். மனைவியும் மகளும் உரும்பிராயில் இருந்தார்கள். நான் வெளிக்கிடும்போது மகளுக்கு எட்டு மாதம். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். வெளிநாட்டவர் அலுவலகத்தில் இருந்த பெண் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, நிரந்தர வேலை ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டு வாருங்கள், மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றார். நல்ல மனுசி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

அப்படித்தான் ஐப்பசி மாதம் தோட்டத்தில் சேர்ந்தேன். ஆறு மாதம் ‘ப்ரோபசைட்’, அதாவது பழகு காலம். அது பிழையில்லாமல் முடிந்தால் நிரந்தரம். நிரந்தரம் கிடைத்தால் மனைவியும் பிள்ளையும். ஆறு மாதத்துக்கு அப்பால் எதையும் நான் யோசிக்கவில்லை.

என்னுடைய மைஸ்டரின், அதாவது தலைமைத் தோட்டக்காரி, என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கண்ணாடி வீடுகள் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. அதிகம் பேசமாட்டார். மூன்றாவது மேடையை எனக்குக் காட்டியது அவர்தான். மேடை முழுக்க வெள்ளைக் கூழாங்கல். நான் வெறும் கல் என்றுதான் நினைத்தேன். குனிந்து பாருங்கள் என்றார். குனிந்தால், கல்லுக்கு நடுவில் கல்லைப் போலவே செடி! கொழுத்த இரண்டு இலை, நடுவில் ஒரு கீறல், நிறமும் கல்லின் நிறம். அறுபத்திரண்டு செடிகள். மழைக்காலம் தவறினாலும் உயிர் வைத்திருக்கப் பழகியவை, கார்த்திகை முதல் வைகாசி வரை ஒரு சொட்டுக்கூடக் கொடுக்கக் கூடாது, சுருங்கும், சுருங்கட்டும் என்றார். நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அந்தச் செடிகளுக்கு ஒரு சொந்தக்காரி இருந்தார். எசன் நகரத்தில் இருந்து வருகிற முதிய அம்மா. பருவத்துக்கு ஒரு தடவை, வருடத்தில் நாலு தடவை வருவார். கையில் மடக்கு முக்காலி. டிக்கட் கொடுக்கிறவரிடம், “நான் பூங்காவுக்கு வந்திருக்கிறேன்” என்பார். தாவரத் தோட்டத்தை அவர் சொல்லவில்லை. தென்னாபிரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. அவரும் கணவரும் இருபது வருடமாக விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் அங்கேதான் போனார்களாம், ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பருவத்தில். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்கு இதய வருத்தம், விமானம் ஏறக் கூடாது. கணவர் யன்னல் ஓரத்தில் விதை போட்டு வளர்த்த அந்த அறுபத்திரண்டையும் எங்களிடம் தந்துவிட்டு, முக்காலியைப் போட்டு மேடைக்குப் பக்கத்தில் இருந்து, பூங்காவைப் பார்த்துவிட்டுப் போவார்.

முதல் தடவை அவரைக் கண்டது நான் சேர்ந்த மாதத்திலேயே. அப்போது கல்லுச்செடிகள் பூத்திருந்தன. மத்தியானம் தாண்டினால்தான் விரியும் பூ, மஞ்சளும் வெள்ளையும். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, அங்கே இந்த நேரத்தில் கடல் பக்கமிருந்து மூடுபனி உள்ளே வரும், காலையில் கல்லைத் தொட்டால் ஈரமாக இருக்கும், பத்து மணிக்கு அந்த ஈரத்தைத் தேடினாலும் கிடைக்காது என்றார். எனக்கு அவர் சொன்னது முழுக்க விளங்கியது. எட்ட ஏலாத இடத்தைப் பற்றிப் பேசுகிற குரல் எந்தப் பாஷையிலும் விளங்கும்.

சரி, என் பிழைக்கு வருகிறேன்.

பாலைவன வீடு என்றால் சூடாக இருக்கும் என்று ஆட்கள் நினைப்பார்கள். மாரியில், அதாவது இங்கத்தைய குளிர்காலத்தில், நாங்கள் உள்ளே ஜாக்கெட்டோடு நிற்போம், எட்டுப் பாகை. மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. அன்றைக்கு முறை போலந்துக்காரருக்கு. எங்களோடு வேலை செய்த வயதான மனிதர், சூடேற்றியும் குழாயும் அவர் பார்க்கிறவை. மகளின் வீடு மாறுகிற வேலை இருக்கிறது, நீ நில் என்றார், நின்றேன். முறைத்தாளில் பெயரை மாற்ற இரண்டு பேருக்கும் நினைவில்லை.

வேலைக்கு வருமுன் ஊருக்குத் தொலைபேசி எடுத்திருந்தேன். அப்போதெல்லாம் மனைவி சுன்னாகத்துக் கடைக்கு வந்து காத்திருந்தால்தான் கதைக்கலாம். அன்றைக்கு மகள் ரிசீவரை வாங்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்பா எங்கடை வாசலாலை குனியாமல் வருவாரோ, குனிஞ்சு வருவாரோ?”

என்னிடம் கேட்கவில்லை, தாயிடம் கேட்டாள். என் உயரம் அவளுக்குத் தெரியாது. தாய் என்ன சொன்னாள் என்று கேட்குமுன் தொலைபேசி அட்டையில் காசு முடிந்துவிட்டது.

அந்த மனதோடு பாலைவன வீட்டுக்குள் வந்தேன். மூன்று கிழமை மூடிக் கிடந்த வானத்தில் அன்றைக்கென்று வெயில். மூன்றாவது மேடைக்கு முன்னால் நின்றேன். கல்லுச்செடிகள் காய்ந்த இஞ்சித் துண்டைப் போலச் சுருங்கிக் கிடந்தன. எங்களுக்கு உரும்பிராயில் செம்மண் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். விடிய இறைப்பு மிசின் தொடங்கினால் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக் கட்டுவது பத்து வயதிலிருந்து என் வேலை. வாடின இலையைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிறவனை எங்கள் பக்கத்தில் கமக்காரன் என்று சொல்லமாட்டார்கள். மைஸ்டரின் சொன்னது மறந்துவிட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். மறக்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு வெங்காயம் தெரியாது, தண்ணீர் தெரியாது, புத்தகத்தில் இருப்பதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். பூவாளியை எடுத்து அறுபத்திரண்டுக்கும் வேர் நனைய ஊற்றினேன். ஊற்றும்போது எனக்குச் சுகமாக இருந்தது. யாருக்கோ சோறு போட்ட மாதிரி.

இரண்டு நாளில் எல்லாம் உப்பி நிமிர்ந்தன. கமக்காரன் கை என்று எனக்குள் ஒரு பெருமை. ஒன்பதாம் நாள் ஒன்றைத் தொட்டேன். விரல் உள்ளே போனது.

ஏன் என்று பிறகுதான் விளங்கியது. மாரியில் அந்தச் செடி காய்வதில்லை. உள்ளே புது இலைச் சோடி ஒன்று உருவாகிறது. பழைய இலை தன் ஈரத்தையெல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுத்தான் சுருங்குகிறது. அந்த நேரத்தில் வெளியே இருந்து தண்ணீர் போனால், குளிருக்குள் பழையதும் அழுகும், உள்ளே இருக்கிற புதியதும் அழுகும். நான் பாவம் பார்த்து ஊற்றினது அந்தப் பிள்ளைகளின் தலையில்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அழுகினதைக் கிள்ளி எடுத்து உரக்குழியில் தாட்டுவிட்டு, அந்த இடத்தில் அதே அளவில் வெள்ளைக் கல் ஒன்றைப் பார்த்து வைத்தேன். கல்லைப் போல நடிக்கிற செடி செத்துவிட்டால், செடியைப் போல நடிக்கக் கல் போதும். ஒரு நாளைக்கு இரண்டு, ஒரு நாளைக்கு ஐந்து. மைஸ்டரின் தினமும் அந்த வழியால் போனார், குனியவில்லை. பங்குனி நடுவில் எண்ணிப் பார்த்தேன். செடி பத்தொன்பது. நான் வைத்த கல் நாற்பத்து மூன்று.

பழகு காலம் முடிய ஒன்பது நாள் இருந்தது. அந்த அம்மா வசந்தத்துக்கு வந்தார்.

நான் பக்கத்து மேடையில் நின்றேன். அவர் முக்காலியை விரித்து இருந்தார். கைப்பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டார். கன நேரம் பார்த்தார். பிறகு குனிந்து ஒரு விரலால் ஒன்றைத் தொட்டார், இன்னொன்றைத் தொட்டார். மைஸ்டரினை மெதுவாகத்தான் கூப்பிட்டார்.

“இது கல்,” என்றார். “இதுவும் கல்.”

மைஸ்டரின் மண்ணைக் கிண்டி மணந்து பார்த்தார். தண்ணீர் பட்டிருக்கிறது என்றார். கூரைக் கண்ணாடி ஒழுகியிருக்குமோ என்று மேலே பார்த்தார், ஒழுக்கு இல்லை. முறைத்தாளை எடுத்து வந்தார். மாசி மாதத்துச் சனிக்கிழமைகளில் ஒன்றில்தான் ஒருவர் மேற்பார்வை இல்லாமல் தனியாக நின்றிருக்கிறார். அந்த நாளுக்கு நேரே போலந்துக்காரரின் பெயர். அவரைக் கூட்டி வர ஆள் போனது. தேநீர் இடைவேளை மணியும் அடித்தது.

இடைவேளை பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

சூடேற்றி அறை வாசலில் போலந்துக்காரரைப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவர் என் விண்ணப்பக் கதை முழுக்க அறிந்தவர். என் மகளின் படத்தைத் தன் அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்திருந்தவர். கேட்டுவிட்டு மீசையைத் தடவினார்.

“விடு, நான் ஊற்றினேன் என்கிறேன். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம். ஒரு எச்சரிக்கைக் கடிதம் தருவார்கள். கழிப்பறையில் தொங்கவிடுவேன்.”

நான் சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போட்டேன். அவருக்கு ஒரு கடிதம். எனக்கு ஒரு குடும்பம். கணக்கு எந்தப் பக்கத்தால் போட்டாலும் சரியாக வந்தது. பிள்ளைகள், பிழையான காரியம் பல நேரம் கணக்கில் சரியாகத்தான் வரும். அதனால் கணக்கை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

நாங்கள் உள்ளே போனபோது அந்த அம்மா அதே முக்காலியில் இருந்தார். மைஸ்டரின் போலந்துக்காரரின் பெயரைச் சொல்லிக் கேட்க வாயெடுத்தார். அம்மா தலையைத் திருப்பிப் போலந்துக்காரரைப் பார்த்தார். கோபம் ஒன்றும் இல்லாத பார்வை. இவர்தானா, எப்படி இருந்தது என்று கேட்கிற பார்வை. இறந்தவர் வீட்டில் கடைசியாகப் பக்கத்தில் இருந்தவரை அப்படித்தான் பார்ப்பார்கள். அந்தப் பார்வை பிழையான ஆளிடம் போகிறது என்பதை என்னால் பொறுக்க ஏலவில்லை. பெரிய நேர்மை ஒன்றும் இல்லை. அது என்னுடையது, எனக்கு வரவேண்டியது என்று இருந்தது.

“நான்தான்,” என்றேன்.

மைஸ்டரின் மூன்று கேள்வி கேட்டார். எந்த நாள், எவ்வளவு தண்ணீர், பழுதாகிறது என்று எந்த நாள் தெரிந்தது. சொன்னேன். தெரிந்த அன்றைக்கே வந்திருந்தால் கிளப்பி உலர்த்தி வெக்கையில் வைத்துப் பாதிக்கு மேல் காப்பாற்றியிருக்கலாம் என்றார். போலந்துக்காரர் என் பின்னால் நின்று மூக்கைச் சீறினார். அம்மா மட்டும் என்னைப் பார்த்து, அவை மிகவும் சுருங்கியிருந்தனவா என்று கேட்டார். ஓம், என்னால் பார்க்க ஏலவில்லை என்றேன்.

“எனக்கும் அங்கே அப்படித்தான் இருந்தது,” என்றார். “தண்ணீர்ப் போத்தலைத் திறந்துவிட்டேன். என் மணிக்கட்டைப் பிடிக்கக் கணவர் இருந்தார்.”

முக்காலியை மடக்கிக்கொண்டு போனார். மீண்டும் வருவேன் என்று சொல்லவில்லை.

அன்று பின்னேரம் மைஸ்டரின் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வேலையை விட்டு நிறுத்தப் போவதில்லை, ஆனால் நிரந்தரத்துக்குக் கையெழுத்து வைக்கவும் முடியாது, ஒரு வருட ஒப்பந்தம் எழுதுகிறேன் என்றார். எனக்கு நிரந்தரம் எதற்கு வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கையில் இருந்த பேனையை மூடி மூடித் திறந்தார்.

“தண்ணீர் ஊற்றினவருக்கு இன்றைக்கே கையெழுத்து வைத்திருப்பேன். கல் வைத்தவரை எனக்கு ஒரு வருடம் பார்க்க வேண்டும்.”

அலுவலகத்துப் பெண் அந்த ஒப்பந்தத்தைப் பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், நிரந்தரம் இல்லாமல் என்னால் முடியாது என்றார். ஊருக்குத் தொலைபேசி எடுத்தேன். மனைவி சூட்கேஸ் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். நான் என்ன சொன்னேன் என்றால், கந்தோரில் கடதாசி சுணங்குது, அந்தப் பெண் இழுத்தடிக்கிறாள் என்றேன். நாற்பத்து நான்காவது கல்.

பிறகு ஒரு வருடம். பாலைவன வீட்டில் பருவங்கள் எப்படிப் போகும் என்று அந்த வருடத்தில்தான் பார்த்தேன். வைகாசியில் பழைய இலை கடதாசியாகி உரிந்தது. பத்தொன்பது புதுச் சோடி உள்ளே இருந்து வந்தன. சிலவற்றில் ஒன்றுக்கு இரண்டு தலை. கோடையில் கண்ணாடிக்குக் கீழே நாற்பது பாகை, அப்போதும் அவை வளராமல் படுத்துக் கிடந்தன. அம்மா கோடைக்கு வரவில்லை. ஆனி முழுக்க, ஆடி முழுக்க, கதவு திறக்கிற சத்தம் கேட்டால் திரும்பிப் பார்த்தேன். ஊரில் யாராவது படலையைத் திறந்தால் மகள் அப்படித்தான் ஓடிப் பார்க்கிறாளாம், மனைவி சொன்னாள்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் அம்மா வந்தார். பத்தொன்பதில் பதினான்கு பூத்திருந்தன. இடையில் என் கற்கள் நாற்பத்து மூன்றும் அப்படியே இருந்தன. மைஸ்டரின் எடுக்க விடவில்லை. அம்மா பூவைப் பார்த்தார், கல்லையும் பார்த்தார். கோடையில் ஆசுபத்திரியில் இருந்தாராம். அங்கே இப்போது மூடுபனி வந்திருக்கும் என்றார். நான் இன்னொரு முக்காலியைக் கொண்டு வந்து பக்கத்தில் இருந்தேன். மூன்று மணி வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு தூர இடத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

விதை வந்தது. விதைத்தோம். மாரி வந்தது. மறுபடி எல்லாம் சுருங்கின. மைஸ்டரின் வந்து மேடையில் சிவப்புக் குச்சியைக் குத்திவிட்டுப் போனார். நான் தினமும் அந்த மேடைக்கு முன்னால் நின்று, என் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டேன். பிடிக்க வேறு ஆள் இல்லையே. நீங்களும் அப்படி நின்று பாருங்கள், வெட்கமில்லை.

அடுத்த பங்குனியில் மைஸ்டரின் கையெழுத்து வைத்தார். விசா வந்து சேர மார்கழி ஆகிவிட்டது. டுசுல்டோர்வ் விமான நிலையத்தில் மகள் தாயின் பின்னால் மறைந்து நின்று என் தலையைத்தான் பார்த்தாள். ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. எட்டு வருடத்து அன்பையும் அன்றைக்கே ஊற்றிவிட வேண்டும் போல் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் அவளாகவே வந்து என் பக்கத்தில் நின்று, உயரம் அளந்துவிட்டுப் போனாள். “குனியத் தேவையில்லை,” என்று தாயிடம் சொன்னது எனக்குக் கேட்டது. நான் கட்டை என்று அர்த்தம்.

அதே கிழமை பதிவுக்காக அலுவலகம் போனோம். அந்தப் பெண் எழுந்து வந்து, வரவேற்கிறேன் என்று மனைவிக்குக் கை நீட்டினார். மனைவி கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள். நீட்டிய கை காற்றில் நின்று திரும்பிப் போனது. வெளியே வந்ததும், “ஒரு வருஷம் இழுத்தடிச்சவளுக்குக் கை ஒண்டுதான் குறை,” என்றாள். நான் பஸ் நேர அட்டவணையைப் பார்க்கப் போனேன்.

மாசியில் இரண்டு பேரையும் பாலைவன வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மனைவி உரும்பிராய்க்காரி அல்லவா, மூன்றாவது மேடைக்கு முன்னால் கால் தானாக நின்றது.

“இஞ்சருங்கோ, இதுகளுக்கு ஆர் தண்ணி விடுறது? பாவங்கள், காஞ்சு போச்சுதுகள்.”

நான் சொல்லத் தொடங்கினேன். சனிக்கிழமை, பூவாளி, கல், போலந்துக்காரர், ஒரு வருட ஒப்பந்தம், அலுவலகப் பெண்ணின் மேல் நான் போட்ட பொய் எல்லாம். மகள் மேடையில் எது செடி, எது கல் என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மனைவி பஸ்ஸில் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அன்றைக்கும் கதைக்கவில்லை, அடுத்த நாளும் கதைக்கவில்லை. சாப்பாட்டை மகளிடம் கொடுத்து அனுப்பினாள். மூன்றாம் நாள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள், கத்தியை வைக்காமல் சொன்னாள்.

“நான் எண்டாலும் ஊத்தியிருப்பன்.”

நான் மூச்சு விட்டேன்.

“ஆனா எனக்கு அண்டைக்கே சொல்லியிருக்க வேணும். அடுத்த தெர்மின் எப்ப?”

அடுத்த தெர்மின், அதாவது அலுவலகத்தில் குறித்துத் தருகிற நேரம், சித்திரையில் வந்தது. மனைவி உள்ளே போனதும், கதிரையில் இருக்கவில்லை. மேசையைச் சுற்றிப் போய், அந்த அலுவலகப் பெண்ணின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் கன நேரம் விடாமல் நின்றாள். அந்தப் பெண் சிரித்து, என்ன விஷயம் என்று என்னைப் பார்த்தார். அவர் தலையில் நான் போட்ட பொய்யை அன்றைக்கே சொல்லிவிட்டேன்.